சேர்ட்டிபிக்கட்டுக்கு வந்த பொடியன்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு இரத்ததான முகாம். காலை எட்டரை, கதிரைகளை இன்னும் இறக்கி முடியவில்லை. அதற்குள் கம்பஸ் முதலாம் வருடப் பொடியன் ஒருவன் வந்து, "அண்ணா, சேர்ட்டிபிக்கட் இண்டைக்கே தருவினமோ?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற ஐயா ஒருவருக்கு முகம் சுளித்துவிட்டது. "தொண்டுக்கும் கூலியோ தம்பி?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த வயதில் நான் ஒரு சிரமதானம் விடாமல் போனது எங்கள் பட்ச் பிள்ளை ஒருத்தி வருவாள் என்பதற்காக. அன்றைய போட்டோவில் மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

தொண்டு செய்பவர்கள் ஏன் செய்கிறார்கள் என்பதை அளக்க, கிளாரி, ஸ்னைடர் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் 1998இல் ஒரு கேள்விக்கொத்தை வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட ஆறு காரணங்களில் இரக்கமும் கொள்கையும் சேர்ந்து ஒன்றுதான். மற்றவை புதிதாக ஏதாவது கற்பது, தொழிலுக்கு உதவுவது, கூட்டாளிகளோடு சேர்ந்திருப்பது, தன்னைப் பற்றி நல்லதாக உணர்வது, மனதுக்குள் கிடக்கும் கவலையையும் குற்றவுணர்வையும் மறப்பது. ஐந்திலும் ஏதோ ஒரு சுயநலம் கலந்திருக்கிறது, அதோடு ஒரே ஆளுக்குள் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தே இருக்கும்.

சரி, சுயநலக்காரர் பாதியில் ஓடிவிடுவாரா? எயிட்ஸ் நோயாளிகளுக்கு உதவிய 116 தொண்டர்களை ஒமோட்டோவும் ஸ்னைடரும் இரண்டரை வருடம் கவனித்து 1995இல் எழுதிய ஆய்வில், கற்றுக்கொள்ளவும் தன்னை வளர்த்துக்கொள்ளவும் வந்தவர்கள்தான் கூடுதல் காலம் நின்றார்கள். யோசித்தால் காரணம் விளங்கும். பரிதாபம் மட்டும் உள்ளவருக்கு நோயாளி இறந்த அன்று கையில் மிஞ்சுவது துக்கம், கற்க வந்தவருக்கோ ஒவ்வொரு கிழமையும் ஏதோ ஒன்று சேர்ந்துகொண்டே இருக்கிறது. வந்த காரணத்துக்கு ஏற்ற வேலை கிடைத்தால் ஆள் நிற்பார், கணக்கு படிப்பிக்க ஆசைப்பட்டு வந்த பிள்ளையைக் கதிரை அடுக்க விட்டால் அடுத்த கிழமை வரமாட்டாள்.

ஆனால் சேர்ட்டிபிக்கட் கொஞ்சம் வேறு கதை. பொருளியலாளர் மைக்கல் ஸ்பென்ஸ் 1973இல் சொன்னதன்படி, வேலை கொடுப்பவருக்கு நம் திறமை நேரே தெரியாததால் பட்டம் போன்ற ஒன்றை அடையாளமாகப் பார்க்கிறார், ஆனால் எல்லாரும் இலேசாகப் பெற முடியாத அடையாளத்துக்குத்தான் மதிப்பு. அரைநாள் நின்றதும் அச்சடித்துக் கொடுக்கும் தாள் சி.வி.யில் ஒரு வரியை நிரப்பும், அவ்வளவுதான். 12 நாடுகளின் மாணவர்களை ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்விலும், சி.வி.க்காகத் தொண்டுக்கு வந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் செய்ததாகத் தெரியவில்லை.

காசு கொடுத்தால்? சுவீடனின் கோத்தன்பர்க்கில் மெல்ஸ்ட்ரோம், யோஹன்னசன் இருவரும் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். குருதிக் கொடையாளராவதற்கான பரிசோதனைக்குச் சம்மதித்த பெண்கள் 52 வீதம். சிறு தொகை தருவதாகச் சொன்னதும் அது 30 வீதமாக இறங்கியது. அந்தக் காசைத் தருமத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றபோது பழையபடி ஏறியது! 'நான் நல்லவள்' என்ற உணர்வும் ஒரு கூலிதானே, காசு வந்து அதைக் கெடுத்துவிட்டது. கட்டாயமும் இப்படித்தான் வேலை செய்யும். தானாக வந்திருக்காத மாணவரை வற்புறுத்தித் தொண்டில் இறக்கினால் பிறகு செய்யும் எண்ணம் இன்னும் குறைகிறது என்று 1999இல் ஸ்டுக்காஸ் குழு காட்டியது. தொண்டுக்குப் புள்ளி போடலாம் என்று கூட்டங்களில் யோசனை சொல்பவர்களுக்கு இதை யாராவது காட்டினால் நல்லது.

அந்தப் பொடியனைப் பதிவு மேசையில் இருத்தினோம். பதினொரு மணிக்குள் படிவத்தில் இரண்டு பிழையைக் கண்டுபிடித்து, தன் லப்டொப்பில் புதிதாக ஒன்று அடித்துவிட்டான், பிலேன்ரீ ஆறிப்போய்க் கிடந்தது. அடுத்த முகாமுக்கும் அவனே வந்தான். சேர்ட்டிபிக்கட் இன்னும் வரவில்லை, கையெழுத்துப் போட வேண்டியவர் கொழும்புக்குப் போய்விட்டாராம்.