டோன்ஆர்ம்: தமிழில் ஊசிக்கோல்

இசைத்தட்டின் மேல் முள்ளைத் தாங்கி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகரும் கைதான் டோன்ஆர்ம். பேச்சில் 'ஆர்ம்' என்றாலே போதும்.

பெயர் பிறந்த காலத்தில் அது பொருத்தமாகவே இருந்தது. முதல் கிராமபோன்களில் பெரிய புனல், முள்ளின் அதிர்வை ஒலியாக்கும் ஒலிப்பெட்டியோடு நேரே பூட்டப்பட்டிருந்ததால், அதன் பாரமும் முள்ளின் வழியே தட்டில் இறங்கியது. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் புனலைத் தனித் தாங்கியில் நிறுத்தி, இடையில் உள்ளீடற்ற குழாய் ஒன்றைப் பொருத்தியது. ஒலி அந்தக் குழாய்க்குள் நடந்து புனலுக்குப் போனது, அதனால் டோன்ஆர்ம். பின்னர் முள்ளின் அதிர்வை மின்னாக மாற்றும் மின்சார பிக்கப் வந்து, ஒலி மயிரிழைக் கம்பியில் மின்னாக ஓடத் தொடங்கியது. குழாயின் வேலை போயிற்று, பெயர் தங்கிவிட்டது.

'டோன்' கிரேக்க 'டோனோஸ்' வழி வந்தது. இழுத்துக் கட்டுதல் என்று பொருள். வடமொழியின் 'தன்' என்ற வேர் இதற்கு உறவு. வீணையின் தந்தியும் அந்த வேரில் கிளைத்த சொல்தான்.

தமிழில் 'தொனிக்கரம்', 'ஒலிக்கை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். இன்றைய ஆர்ம் ஒலியைச் சுமப்பதில்லை. அசையாமல், அதிராமல் சும்மா இருப்பதே அதன் வேலை. 'முட்கோல்' காதுக்கு இனிமைதான், ஆனால் அது மாடு ஓட்டும் தார்க்கோலுக்கு உரிய பழஞ்சொல். ஊசிக்கோல் என்பதே சரி. கோல் என்றதும் துலாக்கோலும் வெள்ளிக்கோலும் நினைவுக்கு வரும்; ஒரு பக்கத்துப் பாரத்தை மறுபக்கம் ஈடுகட்டும் தண்டு அது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கினாலும் வெள்ளிக்கோல் வெள்ளிக்கோல்தான். மலையாளமும் தமிழும் ஒரே சொல்லை வைத்திருக்கும்போது புதிதாக எதைத் தேடுவது?

மரத்தில் ஊசிக்கோல் செய்வது புதுமை அல்ல. ஜெர்மனியின் ஷ்ரோடர், லித்துவேனியாவின் ரீட் ஆகிய நிறுவனங்கள் மரக்கோல்கள் செய்து விற்பவை. அலுமினியக் குழாய் மணிபோல் ஒலிக்கும். மரம் அந்த அதிர்வைச் சீக்கிரம் விழுங்கும். வீட்டு டர்ன்டேபிளில் முயல்பவர்களுக்கு நம் பக்கம் கிடைக்கும் நல்ல மரம், இடித்த வீட்டின் தேக்கு நிலைச்சட்டம். வைரம் பாய்ந்த பகுதியில், ரேகை நுனி முதல் அடி வரை நேராக ஓடும் துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். ரேகை குறுக்கே வெளியேறினால் கோல் பின்னாளில் முறுக்கிக்கொள்ளும்.

எடைக்கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 230 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம் உள்ள தேக்குத் துண்டு ஏறத்தாழ 18 கிராம். ஆனால் கோல் ஒரு முனையில் உள்ள அச்சில் திரும்புவதால், முள் உணர்வது அதில் மூன்றில் ஒரு பங்கு, 6 கிராம்தான். ஈட்டி மரத்தில் செய்தாலும் 2 கிராம்போலத்தான் கூடும். உண்மையில் பாரம் ஏறுவது நுனியில்: முள் பொருத்திய கார்ட்ரிட்ஜ், அதைத் தாங்கும் ஹெட்ஷெல், திருகு எல்லாம் முழு எடையோடு கணக்கில் சேரும். கோலின் பின்பக்கம் சமநிலைக்கு வைக்கும் எதிர்எடைக்கோ அச்சிலிருந்து உள்ள தூரமே கணக்கு. 100 கிராம் பித்தளையை அச்சிலிருந்து 48 மி.மீ. தள்ளி வைத்தால் முள்ளுக்கு அது 4.4 கிராம், அதே சமநிலைக்கு 160 கிராமை 30 மி.மீ. தூரத்தில் வைத்தால் 2.7 கிராம் மட்டுமே. கனமானதை அச்சுக்கு அருகே வையுங்கள்.

முள் உணரும் கோலின் பங்கு, கார்ட்ரிட்ஜ், திருகு மூன்றின் எடையையும் கூட்டி, கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு எண்ணால் (முள் எவ்வளவு எளிதாக வளையும் என்ற அளவு) பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159ஐ அதனால் வகுத்தால் ஒத்ததிர்வு, அதாவது கோல் தானாக ஆடும் வேகம், வரும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்கட்டும். ஆர்டோபான் 2எம் ரெட் என்ற கார்ட்ரிட்ஜ் 7.2 கிராம், நெகிழ்வு 20. கோலின் பங்கு 20 கிராம், திருகுகள் 0.8 கிராம் என்றால் 6.7 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். நெளிந்த தட்டில் கோல் தள்ளாடும், நடந்தால் முள் துள்ளும். கோலின் பங்கை 10 கிராமுக்கு இறக்கினால் 8.4.

கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்கம்பி நான்கு: வெள்ளையும் நீலமும் இடது ஒலிக்கு, சிவப்பும் பச்சையும் வலது ஒலிக்கு. அச்சருகே தளர்வான வளையமாக விடாவிட்டால் கம்பியின் விறைப்பே கோலைப் பின்னுக்கு இழுக்கும். உலோகக் குழாய் தரும் மறைப்பு மரத்தில் இல்லை, ஆகவே இரைச்சல் கேட்கும். இடது இணை, வலது இணை என்று தனித்தனியே முறுக்கி, அச்சின் உலோகத்திலிருந்து ஒரு கம்பியை ஆம்பிளிபயரின் எர்த் முனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் இடத்தை தின்னர் தொட்டுத் துடைத்த உடனே எபாக்சி வைக்காவிட்டால் சில மாதங்களில் விட்டுவிடும்.

ஆனி, ஆடிச் சாரலில் மரம் ஈரம் குடிக்கும். நீளம் ஏறக்குறைய மாறாது, குறுக்கேதான் பருக்கும். வெட்டுமுனை இரண்டுக்கும் பிரெஞ்சு பாலிஷ் மூன்று கை அடியுங்கள், ஈரம் அதிகம் நுழைவது அங்கேதான். சாரல் தொடங்கி இரண்டு வாரம் போனபின் மோட்டாரை நிறுத்தி, தட்டின் மேல் சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து முள்ளை மெதுவாக இறக்கி, நேர் எதிரே குனிந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோடாக நிற்க வேண்டும். நடுவில் ஒடிந்து தெரிந்தால் கோல் முறுக்கியிருக்கிறது. ஹெட்ஷெல் திருகைத் தளர்த்தி அந்த அளவுக்குத் திருப்பி இறுக்குங்கள்.