மலேரியா மருந்து எதிர்ப்பு: முதல் மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டிய ரத்தம்

மாத்திரை முழுவதும் போட்ட பிறகும் காய்ச்சலோடு நோயாளி திரும்பி வந்தால், அது பழைய ஒட்டுண்ணியா, புதிதாகக் கொசு கடித்துத் தொற்றியதா? முதல் நாள் ரத்தத்தையும் திரும்பி வந்த நாள் ரத்தத்தையும் எம்.எஸ்.பி.1, எம்.எஸ்.பி.2 போன்ற, வகைக்கு வகை மாறுபடும் ஒட்டுண்ணி மரபணுக்களில் ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். முதல் நாள் மாதிரி இல்லையென்றால் ஆய்வகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. மருந்து கொடுத்த பிறகு எடுத்த ரத்தம் இதற்கு ஈடாகாது. மருந்துக்குத் தாக்குப்பிடித்த வகையே அதில் மிஞ்சி நின்று, எதிர்ப்பு உண்மையில் இருப்பதைவிட அதிகம் என்று காட்டிவிடும்.

எடுக்கும் முறை எளிது, கெடுவதும் எளிது. விரலைக் குத்தியதும் வரும் முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். அடுத்து வரும் ரத்தத்தை வடிதாளில் வட்டத்துக்குச் சுமார் 50 மைக்ரோலிட்டர் வீதம் விட்டு, மூன்று நான்கு வட்டங்கள் எடுங்கள். தாளின் மறுபக்கம் வரை ஊற வேண்டும். காய்ந்த வட்டத்தின் மேல் மறுபடி சொட்டு விடாதீர்கள், அளவு குழம்பும். தாள் எதன்மேலும் படாமல் கிடையாக, நிழலில் சில மணி நேரம் உலரட்டும். ஈரக்காற்று உள்ள இடமானால் இரவு முழுக்க விடுங்கள். வெயிலில் காயவைத்தால் ரத்தம் தாளோடு இறுகி, டி.என்.ஏ. பிரிந்து வர மறுக்கும். நாங்கள் அதிகம் அஞ்சுவது அரைகுறையாகக் காய்ந்ததைப் பையில் அடைப்பதற்குத்தான்: பூஞ்சை பிடித்து மாதிரியே வீணாகும். ஆளுக்கொரு ஜிப் பை, உள்ளே சிலிக்கா ஜெல். நோயாளியின் எண்ணையும் தேதியையும் தாளிலேயே பென்சிலால் எழுதுங்கள், ஸ்பிரிட் பட்டால் பேனா மை கரையும். சிரையிலிருந்து (கை ரத்தக்குழாயிலிருந்து) எடுப்பதானால், ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. உள்ள குழாய்தான்; அதே வேலைக்குப் பயன்படும் ஹெப்பாரின், டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும்.

ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி இனத்தில் குளோரோகுயின் எதிர்ப்புக்கு சி.ஆர்.டி. மரபணுவின் 76ஆம் இடத்தையும், சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமினுக்கு டி.எச்.எஃப்.ஆர்., டி.எச்.பி.எஸ். மரபணுக்களையும் பார்க்கிறோம். ஆர்டிமிசினினுக்கு கெல்ச்13 மரபணு: கம்போடியாவில் 580ஆம் இடத்திலும், ருவாண்டாவில் 561ஆம் இடத்திலும் ஏற்பட்ட மாற்றங்கள் பரவின. ஆர்டிமிசினின் வகை மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் பிப்பராகுயின் சற்று வேறு. அங்கே பிளாஸ்மெப்சின் 2, 3 மரபணுக்களின் பிரதிகள் கூடியிருக்கும். எழுத்து வரிசையை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது. பிரதிகளின் எண்ணிக்கையை அளவிடும் பி.சி.ஆர். தேவை.

கெல்ச்13 மாற்றம் இருக்கிறது என்பதாலேயே சிகிச்சை தோற்றுவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. ஒட்டுண்ணி ரத்தத்திலிருந்து மறைவது தாமதமாகிறது, அவ்வளவே. ஆர்டிமிசினினுடன் சேர்த்துக் கொடுக்கும் மருந்து வலுவாக இருந்தால் நோயாளி குணமாவார். அதனால்தான் மூன்றாம் நாள் ரத்தப் பூச்சும், மருந்தைப் பொறுத்து 28 அல்லது 42 நாள் தொடர் கண்காணிப்பும் மரபணு முடிவோடு சேர வேண்டும். தோல்வி 10 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை மாற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வாந்தி எடுத்தவர், பாதி மாத்திரையோடு நிறுத்தியவர் பெயர்களைக் குறிக்காமல் விட்டால், அவர்களின் தோல்வியும் எதிர்ப்பின் கணக்கில் ஏறிவிடும்.

ஒரே ஆளிடம் பல வகை ஒட்டுண்ணிகள் கலந்திருப்பது தொற்று மிகுந்த பகுதிகளில் சாதாரணம். டி.என்.ஏ. எழுத்து வரிசையைப் படிக்கும் வழக்கமான சாங்கர் முறை, மாதிரியில் சுமார் 20 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள வகையைப் பெரும்பாலும் தவறவிடும். ஒரே மரபணுப் பகுதியைப் பெருக்கி ஆயிரக்கணக்கான முறை படிக்கும் ஆம்ப்ளிகான் ஆழ்வரிசையாக்கம் அதைவிடச் சிறிய பங்கையும் பிடிக்கும். எனவே அறிக்கையில் எந்த முறை என்று எழுதுங்கள். எத்தனை மாதிரிகள் வந்தன, எத்தனையில் வரிசை படிக்க முடிந்தது, எத்தனை கலப்புத் தொற்று என்பதையும் சதவீதத்தின் பக்கத்திலேயே தனித்தனி எண்களாகக் கொடுங்கள்.