ஒரே லாக் வரி ஏன் இரண்டு முறை வருகிறது?

ஜாவா வெப் அப்ளிகேஷனுக்கு லாக்கிங் கான்ஃபிகை (ப்ரோக்ராம் ஓடும்போது நடப்பதை எங்கே, எப்படி எழுதுவது என்ற அமைப்பை) பலரும் பழைய ப்ராஜெக்டிலிருந்து காப்பி செய்துதான் போடுகிறார்கள். ஒருநாள் ஃபைலில் எல்லா வரியும் இரண்டிரண்டாக வந்து நிற்கும்போதுதான் அதைத் திறந்தே பார்ப்பார்கள்.

லாக்பேக் என்ற லாக்கிங் லைப்ரரியை எடுத்துக்கொள்வோம், ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டோடு தானாக வருவது அதுதான். நாம் கோடில் கூப்பிடுவது எஸ்எல்எஃப்4ஜே என்ற பொது இன்டர்ஃபேஸை. பின்னால் நின்று எழுதுவது லாக்பேக்.

ஒவ்வொரு லாகருக்கும் (கோடிலிருந்து லாக் வரியை வாங்கிக்கொள்வது) ஒரு பெயர் உண்டு, வழக்கமாக அந்த கிளாஸின் முழுப் பெயர். 'காம்.கடை.பில்' என்ற லாகருக்கு 'காம்.கடை' தாய், அதற்கு 'காம்', எல்லாவற்றுக்கும் மேலே ரூட். பில்லுக்கு நாம் லெவல் (எவ்வளவு முக்கியமான வரியிலிருந்து எழுத வேண்டும் என்பது) எதுவும் கொடுக்காவிட்டால், மேலே ஏறிப் போகும்போது முதலில் யாரிடம் லெவல் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். முக்கியம் குறைந்ததிலிருந்து ட்ரேஸ், டீபக், இன்ஃபோ, வார்ன், எரர் என்பது வரிசை. இன்ஃபோ வைத்தால் ட்ரேஸ், டீபக் இரண்டும் வராது.

பலரும் தடுமாறுகிற இடம் இதற்கு அப்புறம்தான். லெவல் சோதனை வரி பிறந்த லாகரில் ஒரே ஒரு முறைதான் நடக்கும். அதில் தேறிவிட்டால் அந்த வரி மேலே ரூட் வரை ஏறும், வழியில் லாகர்களில் மாட்டியிருக்கிற ஒவ்வொரு அப்பெண்டரிலும் (ஃபைல், கன்சோல் போன்ற இடத்தில் எழுதுவது) எழுதப்படும், மேலே உள்ளவர்களின் லெவலை யாரும் கேட்பதில்லை. அதனால் ரூட்டை வார்னில் வைத்துவிட்டு 'காம்.கடை'யை மட்டும் டீபக்கில் வைத்தால், அந்த டீபக் வரிகள் ரூட்டின் ஃபைலிலும் வரத்தான் செய்யும். வேண்டாமென்றால் அப்பெண்டரிலேயே த்ரெஷோல்ட் ஃபில்டர் (குறிப்பிட்ட லெவலுக்குக் குறைந்த வரிகளைத் தடுப்பது) போட வேண்டும்.

இரட்டை வரிக்கும் காரணம் இதேதான்: ஒரே ஃபைல் அப்பெண்டரை 'காம்.கடை'யிலும் ரூட்டிலும் மாட்டியிருப்பார்கள். 'காம்.கடை'யின் அடிட்டிவிட்டியை (வரியை மேலே அனுப்புவதா என்ற செட்டிங்) ஃபால்ஸ் ஆக்கினால் வரி மேலே ஏறாது, சரியாகிவிடும். ஆனால் அதைத் தொடாமல், கீழே 'காம்.கடை'யில் மாட்டியதைக் கழற்றிவிடுவதே நல்லது என்பேன். நாளைக்கு ரூட்டில் புதிதாக ஒரு அப்பெண்டர் சேர்த்தால் அதிலும் இந்த வரிகள் தானாக வரும்.

இன்னொன்று, நாள்வாரியாகப் புது ஃபைலுக்கு மாறும் ரோலிங் ஃபைல் போட்டால் மேக்ஸ் ஹிஸ்டரியை (எத்தனை நாள் பழைய ஃபைல்களை வைத்திருப்பது என்பது) கட்டாயம் எழுதுங்கள். அது இல்லையென்றால் பழைய ஃபைல்கள் அழியவே அழியாது, டோட்டல் சைஸ் கேப் (பழைய ஃபைல்களின் மொத்த அளவுக்கு வரம்பு) கொடுத்திருந்தாலும் மேக்ஸ் ஹிஸ்டரி இல்லாமல் அது வேலை செய்யாது.