டயரின் பக்கச்சுவரைக் கிள்ளிப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, நான் கடையைத் திறப்பதற்குள் ஓர் இளைஞர் மவுண்டன் பைக்கோடு வாசலில் நின்றிருந்தார். பின்சக்கர டயர் வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. தரையைக் கவ்வும் ரப்பர்க் குமிழ்களைப் பட்டன் என்போம்; அச்சில் வார்க்கும்போது அந்தப் பட்டன்மேல் நிற்கும் மெல்லிய ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. ஆனால் ரிம்முக்கு மேலே ஒரு விரல்கடை தள்ளி, பக்கச்சுவர் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிந்து, வெள்ளை நூல் பிரிந்து நின்றது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதையில் இறங்கும்போது, கவாத்து வெட்டிய செடியின் கூரான அடிக்கட்டை உரசியிருக்கிறது. ஏழு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். “இவ்வளவு தடிமனான பட்டன் இருந்துமா அண்ணா?” என்று கேட்டார்.

கோவையில் பதினான்கு ஆண்டுகளாக சைக்கிள் பழுதுபார்க்கிறேன். டயர் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் பட்டனைத்தான் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் டயர் முதலில் சாவது பக்கவாட்டில். அங்கே இருப்பது நூலும் அதன்மேல் மெல்லிய ரப்பர் பூச்சும் மட்டுமே. ஆகவே பக்கச்சுவரை இரு விரலால் கிள்ளி மடித்துப் பாருங்கள். துணிபோல மடங்கினால் அது பந்தயத்துக்கான டயர். பிடிவாதமாக எதிர்த்து நின்றால் மலைப்பாதைக்கு ஆகும்.

எடையும் உண்மையைச் சொல்லிவிடும். 29 அங்குலச் சக்கரத்துக்கு 2.4 அங்குல அகலத்தில் 700 கிராமுக்குக் குறைவாக ஒரு டயர் இருந்தால், அந்த எடை பக்கச்சுவரிலிருந்துதான் குறைக்கப்பட்டிருக்கும். 900 முதல் 1,100 கிராம் வரை இருப்பதை எடுங்கள். ஏற்றத்தில் கூடுதல் எடை தெரியத்தான் செய்யும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதை விட அது மேல். மேக்சிஸ் டயரில் ‘எக்ஸோ’, ஷ்வால்பேயில் ‘சூப்பர் டிரெயில்’ என்று அச்சிட்டிருப்பது உறையின், அதாவது பட்டனுக்கு அடியிலும் பக்கச்சுவரிலும் இருக்கும் நூலடுக்கின், பாதுகாப்பு வகையைக் குறிக்கிறது. ஒரே பட்டன் அமைப்பு பல உறைகளில் வருவதால், பெயரைச் சொல்லி மட்டும் வாங்கினால் மெல்லியது கைக்கு வந்துவிடும்.

டி.பி.ஐ. எண்ணில் பலர் ஏமாறுகிறார்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்பதே அந்தக் கணக்கு. 60ஐ விட 120 உறுதியானது என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். நூற்பாலை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது: நூறாம் நம்பர் நூல் நாற்பதாம் நம்பர் நூலை விட மெல்லியதுதானே? டயரிலும் எண் கூடக்கூட நூல் மெலிகிறது. 120 இலகுவானது, மேடுபள்ளத்துக்கு நன்றாக வளைந்துகொடுக்கும். வெட்டுத் தாங்குவதில் தடித்த நூல் கொண்ட 60தான் முந்தும். சில நிறுவனங்கள் மூன்று அடுக்குகளின் நூலையும் கூட்டி 180 என்று போடுவதும் உண்டு, அடுக்குக்கு 60தான்.

முள்ளின் கதை வேறு. இருபுறமும் வேலி அடைத்த நம் இட்டேரிப் பாதைகளில் நெருஞ்சியும் கிளுவையும் சீமைக்கருவேலமும் பட்டன்களுக்கு நடுவில் நேராக ஏறுகின்றன. இதற்கு டியூப்லெஸ் டயரும் உள்ளே ஊற்றும் சீலன்ட் பாலும்தான் நல்ல வழி. முள் துளைத்த இடத்தில் பால் உறைந்து தானாக அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சளசளவென்ற ஓசை கேட்காவிட்டால் பால் தீர்ந்துவிட்டது என்று பொருள். பக்கச்சுவரில் கட்டைவிரல் நீளக் கிழிசல் விழுந்தால் எந்தப் பாலும் அடைக்காது.

முன்சக்கரத்துக்கு மென்மையான ரப்பரும், பின்சக்கரத்துக்குச் சற்றே கடினமான ரப்பரும் போடுங்கள். ஈரப் பாறையில் கவ்விப் பிடிப்பது மென்மையான ரப்பர். ஆனால் அதையே பின்னால் போட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து தார்ச்சாலையில் ஏறினால், மலைப்பாதை வருவதற்குள் பட்டன் தேயத் தொடங்கிவிடும். பணம் குறைவாக இருந்தால் நல்ல டயரை முன்னால் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் கீழே விழுவதுதான். காறை எலும்பு முறிந்து, கையைத் தூளியில் கட்டிக்கொண்டு, வளைந்த ரிம்மோடு என் கடைக்கு வந்தவர்கள் உண்டு.

டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைப் பரிந்துரை என்று எண்ணிக் கல்போல் காற்றடிப்பது நல்ல டயரையும் கெடுக்கும் பழக்கம். விம்மிய டயர் கல்லை உள்வாங்காமல் துள்ளும், எளிதில் வெட்டுப்படும். காற்று மிகக் குறைந்தாலோ ரிம் டியூபைக் கடித்து, பாம்பு கொத்தியதுபோல் இரட்டை ஓட்டை விழும். எழுபது கிலோ எடையுள்ளவர் 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னால் 23, பின்னால் 26 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். டியூப் இருந்தால் நான்கைந்து கூட்டுங்கள்.

பழைய சைக்கிளுக்கு வாங்குபவர்கள் “26 அங்குலம்” என்று மட்டும் கேட்காதீர்கள். சாதாரண சைக்கிளின் 26 x 1⅜ டயர் 590 மில்லிமீட்டர் ரிம்முக்கானது. மவுண்டன் பைக்கின் 26 அங்குல ரிம் 559. பழைய டயரின் ஓரத்தில் இருக்கும் இந்த மூன்றிலக்க எண்ணைப் படம் பிடித்து வாருங்கள்.

அந்த இளைஞருக்குத் தடித்த உறை கொண்ட டயர் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். கிழிந்ததை எறியவில்லை. அதன் பக்கச்சுவரிலிருந்து இரண்டு அங்குலச் சதுரமாக மூன்று துண்டுகள் வெட்டி, ஓரங்களை உரசி மழுக்கி, ஒரு டியூபோடு சேர்த்து அவருடைய பையில் வைத்தேன். மறுபடி எங்காவது கிழிந்தால், கிழிசலுக்கு உள்பக்கமாக ஒரு துண்டை வைத்து, டியூபைப் போட்டுக் காற்றடித்தால், மெதுவாக ஊர்வந்து சேரலாம்.