ஊசி குத்தினால் நாரிவலி ஏன் குறைகிறது?

திருகோணமலையில் கரைவலை இழுப்பவர்களுக்கு நாரிவலி புதிதல்ல. முதலில் சித்தாலேப பூச்சு, அப்புறம் பெனடோல் குளிசை, அதற்கும் அடங்காவிட்டால் கன்னியா வெந்நீரூற்றில் ஒரு குளிப்பு. இதெல்லாம் சரிவராத பிறகுதான் யாராவது அக்குபங்சர், அதாவது உடம்பில் மெல்லிய ஊசிகள் குத்தும் சீன வைத்தியம், என்ற பேச்சை எடுப்பார்கள். 1970களில் களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய தொடங்கிவைத்த பிறகு இலங்கையில் பரவிய வைத்தியம் இது. ஆனாலும் நோகிற உடம்பில் இன்னும் ஊசியா என்ற பயம் போகவில்லை.

பயப்படும் அளவுக்கு அந்த ஊசியில் ஒன்றுமில்லை. மருந்து ஏற்றும் ஊசிக்கு நடுவில் துளை உண்டு. முனையைச் சரிவாக வெட்டியிருப்பதால் அது தோலை அறுத்துக்கொண்டு போகும். அக்குபங்சர் ஊசியோ துளையில்லாத மெல்லிய உருக்குக் கம்பி. தடிப்பு பெரும்பாலும் 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர்தான். திசுவை வெட்டாமல் விலக்கிக்கொண்டு இறங்குவதால் இரத்தம் வருவது குறைவு. குத்தும்போது சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். வைத்தியர் அதை விரலிடையில் திருகும்போதுதான் உள்ளே ஒரு கனமும் விறைப்பும் உளைவும் எழும். ‘சீ’ என்ற உயிராற்றல் ஊசிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பது சீன வைத்தியர்களின் கணக்கு.

அந்த இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவின் வெர்மொண்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லாங்கெவின் குழுவினர் எலித் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். தோலுக்குக் கீழே உள்ள கொலாஜன் இழைகள், தடியில் வலைநூல் சிக்கிச் சுற்றுவதுபோல, திருகும் ஊசியைச் சுற்றிக்கொள்கின்றன. ஊசியை இழுத்தால் தோலும் சேர்ந்து மேலெழுவது அதனால்தான். இந்த இழுவை சுற்றியுள்ள கலங்களையும் இழுத்து நீட்டுகிறது.

2010இல் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலிகளின் முழங்காலுக்குக் கீழே ஊசி குத்தித் திருகியபோது, அங்கே அடினோசின் என்ற பொருள் பல மடங்கு கூடியது. வலிச் செய்தி கொண்டுபோகும் நரம்பை அடக்கும் பொருள் அது. அடினோசினை உணரும் ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகளுக்கு அதே ஊசியால் வலி குறையவில்லை. திருகாமல் சும்மா குத்திவைத்தாலும் பலனில்லை. எனக்கு இந்த இரண்டு விவரமும்தான் சுவையானவை. எலிக்கு நம்பிக்கை வைத்தியம் செய்ய முடியாதே!

மூளைக்கும் இதில் பங்கு உண்டு. 1977இல் பல்வலியை வைத்துச் செய்த ஒரு சோதனையில், அக்குபங்சர் தந்த சுகத்தை நலொக்சோன் மருந்து இல்லாமலாக்கியது. மோர்பின் போன்ற வலியடக்கும் மருந்துகளின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. ஆக, மோர்பின்போல வலியடக்க உடம்பு தானே சுரக்கும் எண்டோர்பின்களும் உதவிக்கு வருகின்றன என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, அப்படியென்றால் ஊசி குத்தவேண்டிய இடங்கள் என்று சீன வரைபடம் காட்டும் புள்ளிகள்? சிக்கல் இங்கேதான். ஜெர்மனியில் நாட்பட்ட நாரிவலி உள்ள 1162 பேரிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. முறைப்படி ஊசி குத்தியவர்களில் 6 மாதங்களின் பின் 47.6 வீதமானோர் தேறியிருந்தார்கள். புள்ளியில்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 வீதம். மருந்து, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 வீதம்தான். ஊசி வேலை செய்கிறது, ஆனால் எங்கே குத்துவது என்பது பெரிதாகத் தெரியவில்லை! திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், 108 வர்மப் புள்ளிகள் என்று வேறொரு வரைபடம் சொல்வார்கள். சீன வரைபடத்தை அப்படியே நம்பத் தேவையில்லை என்பது என் எண்ணம். அரை மணிநேரம் அசையாமல் படுத்திருப்பது, ஒருவர் பொறுமையாகக் கவனிப்பது, சுகம் வரும் என்ற எதிர்பார்ப்பு இவையும் அந்த 44இல் இருக்கத்தான் வேண்டும்.

நாரி, முழங்கால், ஒற்றைத் தலைவலி இவற்றுக்குப் போய்ப் பார்க்கலாம். சீனி வியாதிக்கும் புற்றுநோய்க்கும் ஊசியே போதும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசிப் பக்கற்றை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குக் குத்தியது இன்னொருவருக்கு ஆகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், குறிப்பாக ஊசியில் மின்சாரம் கொடுப்பதானால். நெஞ்சிலோ மேல்முதுகிலோ ஆழமாகக் குத்தினால் அபூர்வமாக நுரையீரலில் துளை விழுந்துவிடும். அது உடனே தெரியாமலும் போகலாம். வீட்டுக்கு வந்து சில மணிநேரம் கழித்து மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி போட்ட இடத்தையும் சொல்லுங்கள்.