பன்னிரண்டா, பதினேழா?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்குக் கணக்குப் படிக்க வரும் மூன்றாம் வகுப்புப் பெண்ணிடம் போன வாரம் இதை எழுதிக் கொடுத்தேன்: 8 + 4 = □ + 5. விரல்விட்டு எண்ணி, கட்டத்துக்குள் 12 என்று எழுதினாள்.

"அப்ப இந்த 5 எதுக்குக் கண்ணு?"

"அது சும்மா இருக்கு, ஆன்ட்டி."

கொஞ்சம் துருவியதும் 12ஐ அழித்துவிட்டு, அந்த 5ஐயும் கூட்டி 17 ஆக்கினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் இதே கணக்கைக் கேட்டிருக்கிறார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில், எல்லாருடைய விடையும் 12 அல்லது 17தான்!

கூட்டத் தெரியாமல் வரும் தப்பு இல்லை இது. ஒன்றாம் வகுப்பிலிருந்து 3 + 2 = என்று எழுதி, வலப்பக்கம் காலியாக விட்டே பழக்குகிறோம். கால்குலேட்டரும் = பொத்தானை அழுத்தினால்தான் விடை தருகிறது. அதனால் = என்றால் 'இங்கே விடை எழுது' என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. 1557இல் வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியைப் புகுத்தியபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்றே காரணம் சொன்னார். இரு பக்கமும் ஒரே மதிப்பு, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் மார்க்கெட்டில் தராசு முள் நடுவில் நின்றதும் "பராபர்", அதாவது சமம், என்பார்கள். இப்போது எல்லாம் எலக்ட்ரானிக் தராசு, அதுவும் கால்குலேட்டர் மாதிரி எண்ணைத்தான் காட்டுகிறது. சரி, துணி ஹேங்கரின் இரு முனையிலும் காகிதக் கப் கட்டித் தொங்கவிட்டேன். ஒரே மாதிரிச் சட்டைப் பொத்தான்கள்: ஒரு பக்கம் எட்டும் நாலும், மறுபக்கம் ஐந்து. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தாள். ஏழாவது பொத்தானில் ஹேங்கர் நேராக நின்றது.

அப்புறம் 7 = 7 என்று எழுதிச் சரியா என்று கேட்டேன். "இதுல கணக்கே இல்லையே!" என்றாள். 12 = 8 + 4 என்பதோ அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. இப்படிச் 'சரியா, தப்பா' கேட்பது பத்துப் பக்கக் கூட்டல் கணக்கைவிடப் பயன் தரும் என்பது என் அனுபவம். 'அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாகிவிடும்' என்ற சூத்திரத்தை மட்டும் இந்த வயதில் வாயில் திணிக்காதீர்கள்.

நேற்று 57 + 38 = □ + 40 கொடுத்தேன். அவள் கூட்டவே இல்லை. "38ஐ விட 40 ரெண்டு ஜாஸ்தி, அப்ப இங்க ரெண்டு கம்மி," என்று 55 எழுதிவிட்டு, பொத்தான் டப்பாவை மூடி வைத்தாள்.