புது மூலக்கூறா, பழைய சிப்ரோவின் மிச்சமா?

நார்ஃப்ளாக்சசின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தின் ஒன்றாம் இடத்தில் இருந்த எத்தில் தொகுதியை எடுத்துவிட்டு சைக்ளோபுரொப்பைல் வைத்தார்கள், சிப்ரோஃப்ளாக்சசின் (சுருக்கமாகச் சிப்ரோ) பிறந்தது. அந்த ஒரு மாற்றத்திலேயே வீரியம் பல மடங்கு கூடியது. அதே ஆசையில்தான் இன்றும் பல ஆய்வகங்களில் புது மூலக்கூறு தேடிச் சிப்ரோவில் கை வைக்கிறார்கள்.

மூன்றாம் இடத்துக் கார்பாக்சிலையும் நான்காம் இடத்துக் கீட்டோவையும் மட்டும் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்து ஒரு மக்னீசியம் அயனியைப் பிடித்துக்கொண்டுதான் பாக்டீரியாவின் டிஎன்ஏ கைரேஸ் என்ற நொதியில் மருந்தைப் பொருத்துகின்றன. (இதே பிடியில் இரும்பும் அலுமினியமும் சிக்குவதால்தான், இரும்புச்சத்து மாத்திரைக்கோ அமில முறிவு மருந்துக்கோ 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சிப்ரோவைச் சாப்பிடச் சொல்கிறோம்.)

மாற்றத்துக்கு வசதியான இடம் ஏழாம் இடத்துப் பைபரசின் வளையத்தின் என்ஹெச் (நைட்ரஜன்-ஹைட்ரஜன்) முனை. அமிலக் குளோரைடோ ஆல்கைல் ஹாலைடோ காரத்துடன் சேர்ந்தால் வினை நடந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். சிப்ரோ ஒரே மூலக்கூறில் அமிலமும் காரமும் கொண்டது. பெரும்பாலான கரிமக் கரைப்பான்களில் சரியாகக் கரையாது. கலங்கலாகவே வினை நடப்பதால் கொஞ்சம் மாறாமல் தங்கிவிடும். கலவையைப் பிரித்துப் பார்க்கும் டிஎல்சி தட்டில் அது புள்ளியாக நிற்காமல் வால் விட்டு இழுபடும், கண்ணுக்குத் தப்பும்.

அந்த மிச்சம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இ. கோலை பாக்டீரியாவின் ஏடிசிசி 25922 என்ற சோதனை வகைக்குச் சிப்ரோவின் எம்ஐசி (வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவு), மில்லிலிட்டருக்கு 0.004 முதல் 0.016 மைக்ரோகிராம் வரை. 0.008 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பொருளில் 1% சிப்ரோ தங்கியிருந்தால், பொருளின் செறிவு 0.8 மைக்ரோகிராமை எட்டியதும் அதிலுள்ள சிப்ரோவே வளர்ச்சியை நிறுத்திவிடும். உங்கள் மூலக்கூறு எதையுமே செய்திருக்காது, ஆனாலும் "எம்ஐசி 0.8" என்று அட்டவணையில் ஏறிவிடும். 0.1% மிச்சம்கூட 8 என்று காட்டும்.

ஆகவே மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சுத்தமாக இருக்கிறது என்று நிறுத்தாதீர்கள்; அந்த அளவு மிச்சம் அதில் எளிதில் தெரியாது. கலவையைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சியில் தெரிந்த அளவு சிப்ரோவைச் சேர்த்து ஓட்டி, எவ்வளவு குறைந்த அளவுவரை தெரிகிறது என்று உறுதிசெய்யுங்கள். பொருளை வளர்ப்பு ஊடகத்தில் 35 டிகிரியில் 20 மணி நேரம் வைத்து மறுபடி ஓட்டுங்கள். சில இணைப்புகள் உடைந்து சிப்ரோவையே திருப்பித் தரும். பொருளைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள குழியும் எம்ஐசி சோதனைத் தட்டில் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, கைரேஸ் மாற்றத்தால் சிப்ரோவை எதிர்க்கும் பாக்டீரியா வகையிலும் சோதியுங்கள். உங்கள் பொருள், சிப்ரோ இரண்டின் எம்ஐசியும் ஒரே மடங்கில் ஏறினால், தட்டில் வேலை செய்தது எது என்ற சந்தேகம் தீரவில்லை. மறுபடி சுத்திகரிப்பிலிருந்து தொடங்குங்கள்.